பெட்டியிலா, காதிலா

முதலில் அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இரைச்சல் என்றால் ரொம்பப் பெரிய வார்த்தை, அடைமழைக்குச் சொல்வது. முனகல் என்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி. உறுமல் என்று வைத்துக்கொண்டார் சென்னியப்பன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த பொட்டலச் சாப்பாடு வயிற்றில் கனத்துக்கொண்டிருக்க, அறுபத்தேழு வயது மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் ஸ்டீரியோ அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டு, அந்த இடுக்கில் சம்மணம் கொட்டி உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டு எதுவும் ஓடவில்லை. ஊசி அதன் தாங்கியில் சும்மா இருக்கிறது. இருந்தாலும் இரண்டு ஸ்பீக்கரும் உர்ர் என்று, நாலு வீடு தள்ளி யாரோ மாவாட்டுவதுபோல், உறுமிக்கொண்டிருந்தன. அல்லது அவை உறுமவில்லை, உறுமுவது வேறெங்கோ. அந்த வேறெங்கோ எது என்பதைத்தான் பத்து நாளாக நினைக்காமல் இருக்கப் பார்க்கிறார், பத்து நாளும் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியிலா, காதிலா? சுவிட்சை அணைத்துப் பார்த்தால் தீர்ந்தது, இதற்கா பத்து நாள் என்று யாரும் கேட்கலாம். அணைத்துப் பார்க்காமலா இருந்திருப்பார். அணைத்தார், ஃபேனை அணைத்தார், ஃபிரிட்ஜையும் அணைத்தார். அணைத்த பிறகும் இருந்தது, அல்லது இருந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தூரமாகப் போய், ஆனால் போகாமல்.

தெய்வானை இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். அம்மிணி, இங்க வந்து கேளு, சத்தம் வருதா என்று கேட்டிருப்பார், வருது அல்லது வரலை என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குப் போயிருப்பாள். அவள் பெங்களூருக்குப் போய் இன்றோடு நாற்பத்தாறு நாள். மேகலாவுக்கு இரண்டாவது பிரசவம், மகள் என்று ஒருத்தி இருந்தால் அம்மாவைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இன்று சாயந்தரம் வந்துவிடுகிறாள். அதனால்தான் இன்றைக்கே இதை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார், அவள் வரட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்க முடியவில்லை. அவள் வந்து, கூடத்தின் நடுவில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க என்று சொல்லிவிட்டால்? அந்த முகத்தை அவரால் இப்போதே பார்க்க முடிந்தது. கேலி இருக்காது அந்த முகத்தில், அதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார், காபி கொடுத்தால் மணிக்கணக்காக உட்காருவார். கூப்பிடவில்லை. டாக்டரிடம் போகலாம், பஸ் ஏறினால் பத்து நிமிஷம். போகவில்லை. பதில் தெரிந்துவிடும் இடங்களுக்கு மட்டும் கால் எழும்புவதில்லை மனிதனுக்கு.

முப்பத்து நாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். நூல் சுற்றும் மெஷின்கள் வரிசை வரிசையாக ஓடும் இடத்தில், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், இன்ன மெஷினில் இன்ன பேரிங் இன்னும் மூன்று நாளில் போய்விடும் என்று சொல்லிவிடுவார். சொன்ன நாளில் போகும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டால் போதும், வெளியிலிருக்கிற ஆயிரம் சத்தமும் விலகி அந்த ஒரு பேரிங் மட்டும் பேசும். வலது காது. எப்போதும் வலது காதில்தான் வைப்பார். அந்தக் காதுக்கு அவ்வளவு பெயர் இருந்தது, மானேஜர் வந்து, சென்னியப்பனைக் கூப்பிடு, காதைக் கொண்டுவரச் சொல் என்பார். காதைக் கொண்டுவரச் சொன்னவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார், இவர்கள் யாரும் வைத்துக்கொண்டதில்லை. பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம், ஆனால் வைத்துக்கொண்டால் வேலை தெரியாதவன் என்று சிரிப்பார்கள். வேலப்பனும் வைத்துக்கொள்ளவில்லை. கூடவே வேலை பார்த்த வேலப்பன் இப்போது கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறான். யார் என்ன சொன்னாலும் சிரிப்பு. போன வைகாசியில் ஒருத்தர் வந்து, எங்கம்மா தவறிப் போச்சுங்க, பதினாறாம் நாள் காரியம் போன வாரந்தான் முடிஞ்சுது என்றார். வேலப்பன் அதற்கும் சிரித்தான். சந்தோசமுங்க என்றான். சென்னியப்பன் எழுந்து சாப்பிடப் போய்விட்டார், அன்றைக்கு அவருக்குப் பாயசம் இறங்கவில்லை.

சரி, வேலையைப் பார்ப்போம். ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடு. மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கற்ற பாடம். ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து ரெக்கார்ட் பிளேயர் ஒயரைப் பிடுங்கினார். உறுமல் நின்றுவிட்டது. நின்றுவிட்டதா? நின்ற மாதிரிதான் இருக்கிறது, மெலிசாக ஏதோ மிச்சம். ஆக, குற்றவாளி பிளேயர் என்று வைத்துக்கொண்டு, டேப் டெக்கின் ஒயரைச் செருகினார். உறுமல் வந்துவிட்டது. டெக்கைப் பிடுங்கிவிட்டு டிவியிலிருந்து வரும் ஒயரைச் செருகினார், அதிலும் வந்தது. மூன்று பேருமா சொல்லி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் கெட்டுப்போவார்கள்? ஒயர்களை மாற்றிப் போட்டார். ஸ்பீக்கரை இடம் மாற்றினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் மூடிமேல் வைத்து வலது காதில் அழுத்தினார், ஒன்றும் தெரியவில்லை, இடது காதுக்கு மாற்றினார், உள்ளேயிருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகவே கேட்டது. இதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதாவது எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தார். போனைக்கூட ஒரு வருஷமாக இடது காதில்தான் வைக்கிறார், வலது கையில் பேனா பிடிக்க வசதி என்று. பேனாவை யார் பிடிக்கிறார்கள்.

வியாழக்கிழமை நடந்ததை நினைத்தால்தான் நெஞ்சில் ஒன்று சிக்கிக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயரையும் பிளேயரையும் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு, ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர், மாட்டினார், வால்யூமை முழுசாகத் திருப்பினார், ஸ்பீக்கருக்குள்ளேயே தலையை விடுகிற மாதிரி குனிந்தார். "சுத்தமா இருக்குதுங்களே. இதுல எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா?" தெருவில் பஸ் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் யாரோ டிரில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவருக்கு எதுதான் கேட்டது என்று அவருக்கே சொல்ல முடியவில்லை. லேசா என்றார். கடைக்காரர் ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் வீட்ல போட்டுப் பாருங்க, காசெல்லாம் வேண்டாமுங்க" என்றார். அந்த எதுக்கும். வீட்டுக்குத் திரும்பி வந்து மாட்டியதும் உறுமல் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்ததுபோல் வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியானால் பெட்டி நன்றாக இருக்கிறது. பெட்டி நன்றாக இருந்தால் கெட்டுப்போனது யார்? தெய்வானை மெதுவாகப் பேசுகிறாள் என்று இரண்டு வருஷமாக அவளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து பேசு, சமையல் ரூம்ல இருந்துக்கிட்டு எறும்புக்குச் சொல்றாப்பல சொன்னா எப்படி. அவள் பதில் பேசியதில்லை. இந்தக் கூடத்தில்தான் சாயந்தரம் சாயந்தரம் தட்டுப் போட்டுக் கேட்பார்கள், இவர் ஈஸி சேரில், அவள் பிளாஸ்டிக் நாற்காலியில். முன்பெல்லாம் வலது பக்கம் போட்டுக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டாள், ஃபேன் காத்து இந்தப் பக்கந்தானுங்க நல்லா வருது என்று. நாகஸ்வரத் தட்டு என்றால் கண்ணை மூடிக்கொள்வாள். தவில் தனியாக வரும்போது மட்டும் திறப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே அவர் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பார், நாற்பது வருஷம் ஆகியும் அது அலுக்கவில்லை, இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நாலு பேர் நடுவில் சும்மா சிரித்துக்கொண்டிருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நாற்காலியிலிருந்து அவள் சொல்லும் ஒன்று இரண்டு வார்த்தைகளும் வந்து சேராமல் போனால் என்ன செய்வது.

கால் மரத்துப்போய்விட்டது. நீட்டினார். ரப்பர் செருப்பு நழுவி, வெறும் உள்ளங்கால் தரையில் பட்டது. பிளேயர் ஒயர் திரும்பச் செருகியிருந்தது, கை அதன் இரும்புச் சட்டத்தில் இருந்தது. சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி ஒன்று விரல் நுனியில் ஓடியது, அதே நொடியில் உறுமலும் கொஞ்சம் அடங்கியது. கையை எடுத்தார், எழும்பியது. வைத்தார், சுருக், அடங்கியது. முதுகைத் தடவிக் கொடுத்தால் அழுகையை நிறுத்துகிற குழந்தை மாதிரி. காதில் இருக்கிற சத்தம் பெட்டியைத் தொட்டால் எப்படி அடங்கும் என்று ஒரு நினைப்பு தலை தூக்கியது. பெரிய ஆறுதல்தான். ஆனால் சுருக்கென்று கடித்த அதிர்ச்சியில் காது ஒரு கணம் வேலையை மறந்திருக்கலாம், அப்படியும் இருக்கலாமே என்று அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக எரிந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று ஃபிட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றால், வேண்டாம். மெஷின் அவருடையது, கரண்ட் எலக்ட்ரீஷியனுடையது. மில்லில் ஃபிட்டர் ஒருத்தன் ஃபியூஸ் கட்டையைத் தொட்டாலே யூனியன் வரைக்கும் போய்விடும், எலக்ட்ரீஷியன் ஸ்பேனரைத் தொட்டால் இவர்கள் போவார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியதே இல்லை, ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷம் கழித்துத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட மனசு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. இடது காதில் வைத்தார். "ஏனுங்க, ஈரோடு தாண்டீட்டமுங்க. சிக்னல்ல போட்டுட்டான், வண்டி நிக்குது. சாப்ட்டீங்களா?" சாப்பிட்டதைச் சொன்னார், குழந்தையைப் பற்றிக் கேட்டார், குழந்தை தாத்தா மூக்கை உரித்து வைத்திருக்கிறதாம், பாவம். ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், ஆட்டோவிலேயே வந்துவிடுவாளாம். பேச்சு ஓய்கிற நேரத்தில், யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார், யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "சித்த இரு அம்மிணி. ஒண்ணு கேக்க வெக்கறேன், என்னன்னு சொல்லு." போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். மனசுக்குள் பத்து எண்ணினார், ஏழிலேயே எடுத்துவிட்டார். "கேட்டுதா?" "கேட்டுதுங்க. உர்ருனு. கிரைண்டர் போட்டிருக்கீங்களா?" ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். "இப்ப?" "இப்ப ஒண்ணும் இல்லீங்க." போட்டார். "இப்ப?" "இப்ப உர்ருங்குது." அணைத்ததாகச் சொல்லிவிட்டு அணைக்காமல் இருந்து பார்த்தார், ஏமாறவில்லை, "பொய் சொல்றீங்க, ஓடுதுங்க" என்றாள். நாலு தடவை, நாலும் சரி. பெட்டிதான். பெட்டியோ வீடோ எதுவோ, காது இல்லை. சென்னியப்பன் ஸ்பீக்கர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இப்படியா ஒரு கிரைண்டருக்காக ஒரு மனுஷனுக்குக் கண் கலங்கும். அணைத்திருந்தபோது அவளுக்குக் கேட்காத ஒன்று அவருக்கு மெலிசாகக் கேட்டதே என்பது மட்டும் ஒரு மூலையில் வந்து நின்றது. இப்போ வேண்டாம், அப்புறம் வா என்று அதைத் திருப்பி அனுப்பினார். "என்னங்க வெளையாட்டு இது, வயசான காலத்துல" என்றாள் தெய்வானை. "வந்ததும் ஒரு ரசம் வெச்சர்றேன். பொடக்காலில போயி கறிவேப்பிலை ரெண்டு கொத்து ஒடிச்சு வெச்சிருங்க."

கறிவேப்பிலை ஒடிப்பதற்காகச் சமையலறையைத் தாண்டிப் பின்வாசல் கதவைத் திறந்தார். பத்து வயது இளமையாகியிருந்தார், செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. படியிறங்கியதும் நின்றுவிட்டார். கறிவேப்பிலைச் செடி கருகாத குறையாக நின்றுகொண்டிருந்தது. இலை சுருண்டு, பாதி உதிர்ந்து, அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பங்குனி வெயில். ஐயையோ என்றார் வாய்விட்டு. ஆனால் அவர் ஒரு நாள்கூடத் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். காலண்டர் தாளின் முதுகில் அவள் எழுதி வைத்த பட்டியல்படி, செம்பருத்திக்கு இவ்வளவு, ரோஜாவுக்கு இவ்வளவு, துளசிக்கு ஒரு சொம்பு, மொத்தம் பத்து. உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தார். பத்திலும் கறிவேப்பிலை இல்லை. எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. கறிவேப்பிலைக்கு அவள் தண்ணீர் ஊற்றுவதே கிடையாது. அரிசி கழுவுவாள், கழுவிய தண்ணீரைப் பின்வாசல் படியிலிருந்தே வீசுவாள், அவ்வளவுதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. அது தண்ணீர் ஊற்றுகிற கணக்கிலேயே வராது அவளுக்கு. நாற்பத்தாறு நாளாக இந்த வீட்டில் அரிசி கழுவவில்லை. மெஸ் சாப்பாடு, ராத்திரிக்கு இட்லி, அதுவும் மெஸ். செடிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி மாதிரி ஒரு சின்னக் கட்டு, நடுவில் துருப்பிடித்த இரும்புக் குழாய், அதிலிருந்து ஒரு பட்டைக் கம்பி சுவர் ஏறி மீட்டர் பெட்டிக்குப் போகிறது. வீடு கட்டின வருஷம் எலக்ட்ரீஷியன் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, கரியும் உப்புமாக மாற்றி மாற்றிக் கொட்டி, குழாயை நட்டு, மண்ணைத் தள்ளியவாறே சொன்னது இப்போது, முப்பது வருஷம் கழித்து, அவன் குரலிலேயே கேட்டது: "இது உங்க வீட்டு எர்த்துங்க. ஈரம் காயக் கூடாது. மாசத்துக்கு ரெண்டு தாட்டி தண்ணி ஊத்தீட்டே இருங்க. காஞ்சு போச்சுன்னா தொட்ட பக்கமெல்லாம் சுருக்கும்." தலையாட்டியிருக்கிறார். ஊற்றியதேயில்லை. ஒரு நாளும் ஞாபகம்கூட வந்ததில்லை. வந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை, செடிக்கு அவள் வீசிய தண்ணீர் குழிக்கும் போய்க்கொண்டிருந்தது.

வாளியை எடுத்தார். முதல் வாளியைக் குழி சத்தத்தோடு குடித்தது, கடகடவென்று, தாகம் எடுத்த மாடு குடிப்பதுபோல். குமிழி விட்டது. ஒரு கை கல்லுப்பு அள்ளிவந்து போட்டார், எலக்ட்ரீஷியன் கோட்டைத் தாண்டியாகிவிட்டது, யூனியன் வந்தால் வரட்டும். இரண்டாவது வாளி. மூன்றாவதில் தண்ணீர் சற்று நின்றது, நின்று யோசித்து இறங்கியது. ஈரமண் வாசனை எழுந்தது. அவசரப்படக் கூடாது, மண்ணுக்கும் நேரம் கொடுக்க வேண்டும் என்று படியில் உட்கார்ந்து, வெயில் அடுத்த வீட்டுச் சுவரில் ஒரு செங்கல் உயரம் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். முட்டாள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார், அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. கடையில் ஏன் சத்தம் வரவில்லை என்பது புரிந்துவிட்டது, அங்கே எர்த் காயவில்லை, கடைக்காரரின் எதுக்கும் இனி உறுத்தாது. எழுந்து உள்ளே போனார். பிளேயரின் இரும்பில் கை வைத்தார், வெறுங்காலோடு. கடிக்கவில்லை. டெஸ்டர் எரியவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டார், வால்யூமை மெல்லத் திருப்பினார், பாதிக்கு, முக்காலுக்கு. ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

ஈஸி சேரில் உட்கார்ந்தார். இப்போது கூடத்தில் ஒன்றும் இல்லை. அதனால் அது கேட்டது. உறுமல் இல்லை இது, உறுமல் தடிமனானது, தரையிலிருந்து வருவது. இது மெல்லியது, உயரத்தில், மில்லில் நூல் சுற்றும் ரிங் ஃப்ரேம் ஒன்று ரொம்பத் தூரத்தில் ஓடுகிற மாதிரி கீ என்று, வலது பக்கம். வலது காதைப் பொத்தினார், இருந்தது. அணைக்க சுவிட்ச் இல்லாதது. பத்து நாளாக இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு ஒரே ஆளாக வேஷம் போட்டிருக்கின்றன. மூலையிலிருந்து திருப்பி அனுப்பியது இதைத்தான், வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது. பயந்த அளவுக்கு அது பெரிதாக இல்லை. இது வீட்டுடையது, இது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதே, அப்படியானால் காது முழுசாகப் போகவில்லை, பிரித்துச் சொல்கிற வரைக்கும் ஃபிட்டர் ஃபிட்டர்தான். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும். போவோம். அதற்கு முன்னால் ஒருத்தியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் டாக்டரைவிடக் கஷ்டம், இரண்டு வருஷக் குறையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அலமாரியைச் சுவரோடு தள்ளினார். நாகஸ்வரத் தட்டை எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்தார். சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் அரிசி அளந்து கழுவினார். முதல் தண்ணீரைப் பின்வாசல் படியிலிருந்து, அவளைப்போலவே, வீசிப் பார்த்தார். பாதி தன் வேட்டியில் விழுந்தது. இரண்டாம் தண்ணீர் சரியாகப் போய் விழுந்தது.

ஆட்டோ வந்து நின்றபோது கேட்டது அவருக்கு. பையை வாங்கிக்கொண்டார். அவள் கூடத்துக்கு வந்து, இளைத்திருக்கிறாரா என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குக்கர் வாசனையை மோந்து ஏதோ சொன்னாள். சென்னியப்பன் தட்டில் ஊசியை வைக்கப் போனவர் வைக்காமல் திரும்பினார். "அம்மிணி, நீ மெதுவாப் பேசலை. எனக்குத்தான் இந்தக் காது கொஞ்சம் கேக்கறதில்லை."

"அது தெரியுமுங்க" என்றாள் தெய்வானை. "பின்ன ஃபேன் காத்துக்கா நான் நாக்காலியை இந்தப் பக்கம் மாத்திப் போட்டேன்? பாட்டைப் போடுங்க."